சம்பந்தி சஹன்

சங்கரன்கோவிலில் குடியிருந்துகொண்டு கடைப் பிரியாணியை வாயில் வைக்காத மனுஷி ஒருத்தி உண்டு என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். பிரியாணி தின்பதற்கென்றே மதுரையிலிருந்து கார் வைத்துக்கொண்டு வருகிற ஊர் இது. ஆனால் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரசீதாவுக்கு அதில் வாசனை மட்டும்தான் பாத்தியதை. தயிர் ஆகாது, நெய் ஆகாது, பால் என்ற பேரில் வரும் எதுவும் அவளுக்கு ஆகாது. முட்டை ஆகாது. நிலக்கடலையும் முந்திரியும் ஆகாது. இறால் வெந்த சட்டியின் பக்கமே அவள் போகக் கூடாது.

இதைக் கேட்டதும் அடடா பாவம் என்று உச்சுக் கொட்டுகிறவர்கள் ரசீதாவை நேரில் பார்க்காதவர்கள். பார்த்தவர்கள் கொட்ட மாட்டார்கள். நல்ல ஆகிருதி, நல்ல சிரிப்பு, சாப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் நிறுத்தத் தெரியாத வாய். மிஷின் அதுபாட்டுக்குக் காகிதத்தைத் துப்பிக்கொண்டிருக்கும். இவள் கத்திரிக்காயை எந்தப் பருவத்தில் இறக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருப்பாள். குருவிகுளத்திலிருந்து பட்டாவை நகல் எடுக்க வந்த ஒரு பெண், புளிக்குழம்புக்குப் பக்குவம் கேட்டுக்கொண்டு பட்டாவை மிஷினுக்குள்ளேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மறுநாள் அவள் அலறியடித்துக்கொண்டு வந்து கேட்டபோது, ரசீதா முதலில் விசாரித்தது குழம்பு எப்படி வந்தது என்றுதான்.

சின்ன வயதில் இதற்கு யாரும் அலர்ஜி என்று பேர் வைக்கவில்லை. கரப்பான் என்றார்கள், சூட்டு உடம்பு என்றார்கள். பால் குடித்தால் உடம்பு திட்டுத் திட்டாகத் தடிக்கும். வேப்பிலை அரைத்துப் பூசுவார்கள். முட்டை தின்றால் வாந்தி எடுப்பாள். யார் கண் பட்டதோ என்று ஓதிய தண்ணீர் கொடுப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. அந்த யோசனையை முதன்முதலில் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அவருக்கு ஒருநாளும் தொண்டை வீங்கியிருக்காது.

கல்யாணமாகி, மகள் பர்ஹத் பள்ளிக்கூடம் போகிற காலத்தில்தான் விஷயம் விபரீதமானது. பெருநாளன்று ஒரு வீட்டில் பாயாசம் கொடுத்தார்கள். தேங்காய்ப்பால் பாயாசம்தான் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். தேங்காய்ப்பாலும் இருந்தது, மாட்டுப்பாலும் இருந்தது, முந்திரியை வேறு அரைத்து ஊற்றியிருந்தார்கள். பாதி டம்ளரிலேயே ரசீதாவுக்கு மூச்சு இழுத்தது. கணவன் முகம்மது மைதீன் அப்போது வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்தான். அவன் அவளை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய உதடு நீலம் பாரித்திருந்தது. ஊசி போட்டுப் பிழைக்கவைத்தார்கள். அந்தப் பயத்தில் மைதீன் திரும்பிப் போகவேயில்லை. உள்ளூரிலேயே செருப்புக் கடை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு திருநெல்வேலியில் ஒரு டாக்டர் அவளுடைய முழங்கைக்குக் கீழே வரிசையாகக் குத்திப் பார்த்து, எதெது ஆகாது என்று சொன்னார். துளிகூட ஆகாது என்றார். தொண்டை அடைப்பது போலிருந்தால் மாத்திரையை நம்பி உட்கார்ந்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றார். ரசீதா பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அழுதாள். வீட்டுக்கு வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். வாயைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிற ரகம் இல்லை அவள்.

ஆட்டுக்கறியைத் தயிரில் ஊறவைப்பதற்குப் பதிலாக, புளியங்குடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பப்பாளிக்காயை அரைத்துப் பிசறி வைத்தாள். கறி பஞ்சாக வெந்தது. குருமாவில் முந்திரி போகிற இடத்தில் கசகசாவும் தேங்காயும் போயின. நெய்ச்சோற்றுக்கு நெய் வேண்டாம் என்று முடிவு பண்ணி, தேங்காய் எண்ணெயில் பட்டை கிராம்பு தாளித்து, தேங்காய்ப்பாலில் அரிசியை வேகவைத்து, பொன்னிறமாக வறுத்த வெங்காயத்தை மேலே தூவி இறக்கினாள். அந்த வாசனைக்குத் தெருவே மூக்கை நீட்டியது. மோர்க்குழம்பு ஆசை வந்தால் மாங்காய் போட்டுத் தேங்காய்ப்பாலில் ஒரு குழம்பு வைப்பாள். மைதீன் அதை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, மோர் எங்கே என்று கேட்கிற வழக்கத்தையே விட்டுவிட்டான்.

அவளைத் தோற்கடித்தது வட்டலப்பம் ஒன்றுதான். தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் முட்டையில் அடித்துக் கலந்து ஆவியில் அவிக்கிற இனிப்பு அது; முட்டை இல்லாமல் நிற்க மாட்டேன் என்றது. முதல் தடவை கஞ்சியாக ஓடியது. அரிசி மாவைச் சேர்த்துப் பார்த்தபோது அதை வைத்துச் சுவர் பூசலாம் போல இருந்தது. கடைசியில் கருப்பட்டிப் பாகையும் தேங்காய்ப்பாலையும் ஏலக்காயையும் கடல்பாசியில் காய்ச்சி ஊற்றி உறையவைத்தாள். இது வட்டலப்பம் இல்லையே என்றான் மைதீன். இது வட்டலப்பத்துக்குத் தங்கச்சி என்று சொல்லிவிட்டாள். தங்கச்சி அந்த வீட்டில் நிலையாகத் தங்கிவிட்டாள்.

வீட்டுக்குள் அவள் ராணி. வெளியில்தான் கஷ்டம். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பால் இல்லாத டீ வாங்கினாள். பால் டீயைக் கலக்கிய கரண்டியாலேயே கடைக்காரர் இதையும் கலக்கிக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு கரண்டி ஈரத்துக்கே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எங்கே போனாலும் கைப்பையில் ஒரு சில்வர் டப்பா இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோர் முன்னாலும் இலை விரிந்திருக்கும். இவள் முன்னால் டப்பா திறந்திருக்கும். யாருடைய அடுப்படியையும் தொந்தரவு பண்ணுவதில்லை, யாரிடமும் எனக்கு இப்படிச் செய்துகொடுங்கள் என்று கேட்பதில்லை என்பதில் அவளுக்கு ஒரு வீறாப்பு இருந்தது. சங்கரன்கோவில்காரர்களுக்கு அது பழகியும் போயிற்று.

கடையநல்லூர்க்காரர்களுக்குப் பழகவில்லை.

பர்ஹத்துக்கு மாப்பிள்ளை அங்கேதான் அமைந்தான். பேர் ரிஸ்வான் அகமது, ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக், தங்கமான குணம். தகப்பன் இல்லாத பையன். தாய் மைமூனம்மாள்தான் வளர்த்து ஆளாக்கியவள். மாப்பிள்ளை வீடு பார்க்க ரசீதா குடும்பம் போயிருந்தபோது, மைமூனம்மாள் காலையிலிருந்து நின்று தன் கையால் அவித்த வட்டலப்பத்தைக் கொண்டுவந்து சம்பந்தி முன்னால் வைத்தாள். அந்த வட்டாரத்தில் அவள் வட்டலப்பத்துக்குப் பேர் உண்டு. ரசீதா சிரித்த முகமாகத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, பையிலிருந்து டப்பாவை எடுத்தாள்.

மைமூனம்மாளின் முகம் சுண்டிப்போனது. அலர்ஜி என்று ரசீதா சொல்லத்தான் செய்தாள். ஆனால் அந்த வீட்டில் அலர்ஜி என்றால் தூசிக்குத் தும்முவது. தும்மலுக்கும் வட்டலப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. மைமூனம்மாளின் அக்கா மீரா பீவி எதையும் மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வது போல எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாள்.

"நம்ம கை பட்டது அவுகளுக்கு ஆகாது போலிருக்கு."

திரும்பி வரும்போது, புளியங்குடி தாண்டியதும் பர்ஹத் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உம்மா, மறுவீட்டு அன்னைக்கு அங்கன சம்பந்தி சஹன் வைப்பாகளாம். அன்னைக்கும் டப்பாவத்தான் தூக்கிட்டு வருவீயளா?"

சஹன் என்பது அகலமான பெரிய தட்டு. சோற்றையும் கறியையும் அதில் குவித்து, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுவார்கள். சங்கரன்கோவிலில் ரசீதா வீட்டுப் பக்கம் அந்தப் பழக்கம் இல்லை, ஆளுக்கொரு இலைதான். மைமூனம்மாள் வீட்டில் அது உண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் விருந்துக்குப் போகும்போது, இரண்டு தாய்மாரும் ஒரே சஹனில் உட்கார வேண்டும்; மாப்பிள்ளையின் தாய் முதல் கவளத்தைத் தன் கையால் சம்பந்திக்கு ஊட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் மற்ற சஹன்களில் யாரும் கை வைப்பார்கள். அந்தக் கவளத்தை வேண்டாம் என்றால் அந்த வீட்டையே வேண்டாம் என்று அர்த்தம். வாங்கித் தின்றால் என்ன ஆகும் என்பது ரசீதாவுக்குத் தெரியும்.

"நீங்க அங்கன ஒரு நாளு இருந்துட்டு வந்துருவீய. நான் அங்கனதான் காலத்துக்கும் இருக்கணும்மா," என்றாள் பர்ஹத். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம். கெஞ்சுகிற குரலில் சொன்னாள்.

மைதீன் தன்னால் முடிந்த யோசனையைச் சொன்னான். அன்றைக்கு நோன்பு வைத்திருப்பதாகச் சொல்லிவிடலாமே என்றான். மகள் கல்யாணத்துக்கு மறுநாள் பொய் நோன்பு வைக்கிற பொம்பளை என்று பேர் வாங்கவா என்று ரசீதா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் செருப்புக் கடைக்குக் கிளம்பிவிட்டான்.

ரசீதா பல நாள் மிஷின் பக்கத்தில் நின்று யோசித்தாள். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்ற வீறாப்பை வைத்துக்கொண்டு இந்தக் காரியத்தைக் கடக்க முடியாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஒருநாள் போனை எடுத்து மைமூனம்மாளைக் கூப்பிட்டாள். கல்யாணப் பட்டு எடுக்க வேண்டும், நீங்கள் வந்து பார்த்தால்தான் சரியாக இருக்கும், வாருங்கள் என்றாள். சேலை எடுக்கக் கூப்பிட்டால் வராத சம்பந்தி இந்தப் பூமியில் கிடையாது.

மைமூனம்மாள் வந்தாள், ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். சேலை பார்த்து முடிந்ததும் ரசீதா அவளை வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டாள். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, எலுமிச்சையில் ஊறிய கறி, எலும்பும் கத்திரிக்காயும் பருப்புமாகக் கொதித்த தால்ச்சா. மைமூனம்மாள் முதலில் மரியாதைக்குக் கொஞ்சம் கொறித்தாள். பிறகு கொறிப்பதை மறந்தாள். மறு சோறு அவளே கேட்டு வாங்கினாள். சமைக்கத் தெரிந்தவள் இன்னொருத்தியின் சமையலில் விழுந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது கஷ்டம்.

"நெய்ச்சோறு நல்லாருக்கு. நெய் எந்தக் கடையில வாங்குதீய?" என்று கேட்டாள்.

நெய்யே இல்லை மதினி என்றாள் ரசீதா. தயிரும் இல்லை, முந்திரியும் இல்லை. பிறகு, இதுவரை யாரிடமும் கோர்வையாகச் சொல்லாததை அவளிடம் சொன்னாள். பெருநாள் பாயாசத்தைச் சொன்னாள், நீலம் பாரித்த உதட்டைச் சொன்னாள், டாக்டர் குத்திப் பார்த்ததைச் சொன்னாள், ஒரு கரண்டி ஈரம் தன்னை ஆஸ்பத்திரியில் தள்ளியதைச் சொன்னாள். பசங்களுக்குப் பிடிக்காத காயைப் போல இது பிடிக்காமல் ஒதுக்குவதல்ல, உயிர்ப் பயம் என்றாள். சொல்லச் சொல்ல மைமூனம்மாள் பிசைவதை நிறுத்திவிட்டாள்.

"அப்ப அன்னைக்கு என் வட்டலப்பத்தத் தின்னிருந்தா?"

"உங்க வீட்டுலேர்ந்து என்னைத் தூக்கிட்டுத்தான் போயிருக்கணும், மதினி."

இதை அன்றைக்கே விவரமாகச் சொல்வதற்கென்ன என்று மைமூனம்மாளுக்குக் கோபமும் வந்தது. ஆசை ஆசையாகத் தன் கையால் ஒரு மனுஷியைக் கொல்லப் பார்த்தோமே என்று நடுக்கமும் வந்தது. வட்டலப்பத்தின் தங்கச்சியான கடல்பாசியை ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, இதில் ஏலக்காய் ஒரு பங்கு கூடிவிட்டது என்று குறை சொன்னாள். கோபம் ஆறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். புறப்படும்போது வாசலில் நின்று, மறுவீட்டுச் சஹனைச் சமையலுக்கு வருகிற பண்டாரி ஆக்க மாட்டார், நானே ஆக்குவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு மத்தியானமானால் போன் வந்துவிடும். கசகசாவை வறுக்கணுமா, ஊறவைக்கணுமா? பப்பாளிக்காய் போட்டால் கறி கரைந்துவிடாதா? பழைய சட்டியில் ஆக்கலாமா? பழைய சட்டி வேண்டாம் என்று ரசீதா சொன்னதும் புதுச் சட்டியும் புதுக் கரண்டியும் வந்து இறங்கின. ஒருநாள் மைமூனம்மாள் குரலில் பெருமை பொங்கச் சொன்னாள், சம்பந்திக்கென்றே சுத்தமான செக்குக் கடலை எண்ணெய் ஆட்டி வாங்கி வைத்திருக்கிறேன் என்று. ரசீதா கையிலிருந்த போன் நழுவப் பார்த்தது. நிலக்கடலையும் கடலை எண்ணெயும் தாயும் பிள்ளையும் மாதிரி என்று புரியவைத்து, அந்த எண்ணெயை மீரா பீவி வீட்டுக்கு அனுப்பி வைப்பதற்குள் இவளுக்கு வேர்த்துவிட்டது. இந்தப் போன் பேச்சில் கல்யாண வேலை பாதி நின்றது. ஆனால் இரண்டு பேருக்கும் மத்தியானம் போன் வராவிட்டால் என்னவோ போலிருக்கத் தொடங்கியிருந்தது.

நிக்காஹ் சங்கரன்கோவிலில் சிறப்பாக நடந்தது. மறுநாள் வேன் பிடித்துக் கடையநல்லூர் போனார்கள். ரசீதா கைப்பையில் மாத்திரை இருந்தது. டப்பா இல்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு டப்பா இல்லாமல் ஒரு விருந்துக்குப் போகிறாள். பை லேசாக இருப்பதே அவளுக்குப் பயமாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டு மாடியில் பெண்களுக்குப் பாய் விரித்திருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்ததும் மைமூனம்மாள் பாலில் வாழைப்பழத்தைப் பிசைந்து, மகனுக்கும் மருமகளுக்கும் தன் கையால் ஊட்டினாள். பர்ஹத் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். ரசீதா தூரத்திலிருந்து பார்த்துக் கண் கலங்கினாள். அந்தக் கலக்கத்தில் அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

பிறகு சஹன்கள் வந்தன. நடுப்பாயில் சம்பந்தி சஹன். ஒரு பக்கம் ரசீதா, இன்னொரு பக்கம் மீரா பீவி, மூன்றாவது இடம் மைமூனம்மாளுக்கு. புதுச் சட்டியில் வெந்த சோறு குவித்திருந்தது. அதன்மேல் கறி, அதன்மேல் வறுத்த வெங்காயம். ஆவியில் தேங்காய்ப்பால் மணந்தது. தன் வீட்டுச் சோறே தனக்கு முன்னால் இங்கே வந்து உட்கார்ந்திருப்பது போலிருந்தது ரசீதாவுக்கு.

மைமூனம்மாள் கெண்டியில் தண்ணீரும் கை கழுவுகிற படிக்கமும் எடுத்து வந்தாள். வந்தவர்கள் கைக்குத் தண்ணீர் ஊற்றுவது வீட்டுக்காரிக்குள்ள பெருமை. சம்பந்தி கைக்கு ஊற்றினாள், தன் அக்காவுக்கு ஊற்றினாள், அடுத்தடுத்த பாய்களில் இருந்தவர்களுக்கெல்லாம் குனிந்து குனிந்து ஊற்றினாள். எல்லோர் கையும் சுத்தமாயிற்று. ஊற்றுகிறவளிடம் கையைக் கழுவு என்று யாரும் சொல்வதில்லை. அவளுக்கும் அது நினைவு வருவதில்லை. கெண்டியைக் கீழே வைத்துவிட்டு, வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, மலர்ந்த முகமாக வந்து உட்கார்ந்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு சோற்றை எடுக்கக் கையை நீட்டினாள்.

அப்போதுதான் ரசீதா அந்தக் கையைப் பார்த்தாள். விரல் இடுக்கில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. மோதிரத்துக்கு அடியில் வாழைப்பழத்தின் நார் ஒன்று ஒட்டியிருந்தது.

எண்ணெய் சொன்னாள், சட்டி சொன்னாள், கரண்டி சொன்னாள். கையைச் சொல்ல மறந்துவிட்டாள். இப்போது எப்படிச் சொல்வது? உங்கள் கை ஆகாது என்று இந்த ஊர் முன்னால் எப்படிச் சொல்வது? அன்றைக்கு மீரா பீவி சொன்ன குத்தல் வார்த்தையை இவளே இன்றைக்கு உண்மையாக்கிக் காட்டுவதா? இவ்வளவு பாடுபட்டு ஆக்கியவளுக்கு அதுவா கூலி? ஒரு கவளம்தானே, வாங்கிக்கொண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது. எதிர்ப்பாயில் பர்ஹத் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் மூச்சு இழுத்துக் கிடப்பதையா இந்தப் பிள்ளை வாழ வந்த வீட்டில் முதல் நாளே பார்க்க வேண்டும்?

அந்தக் கை சோற்றைத் தொடுவதற்குள் ரசீதா எட்டி அதன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"கையைக் கழுவிட்டு வாங்க, மதினி."

பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். பயத்தில் வெறும் வார்த்தையாக வந்து விழுந்துவிட்டது. அடுத்த பாய்களில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மீரா பீவியின் புருவம் மேலே ஏறியது. பர்ஹத் கண்ணை மூடிக்கொண்டாள். ரசீதா பிடித்த கையை விடவில்லை.

மைமூனம்மாள் ஒன்றும் புரியாமல் ரசீதாவைப் பார்த்தாள். பிறகு, பிடிபட்டிருந்த தன் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மலர்ந்திருந்த முகம் அப்படியே வெளுத்துப் போனது.

"பால் கொடுத்த கை," என்றாள், தனக்குத்தானே சொல்வது போல. மீரா பீவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா இரு, ராத்தா. எண்ணெய்க்கும் சட்டிக்கும் பயந்துட்டு, இத மறந்துட்டேனே," என்றாள்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். போகவில்லை. படிக்கத்தைத் தன் முன்னால் இழுத்து வைத்து, மோதிரத்தைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் சம்பந்திக்கு முன்னால் நீட்டினாள்.

"எவ்வளவு கழுவினாப் போதும்னு எனக்குத் தெரியாது. நீங்களே கழுவி விடுங்க. உங்களுக்குத் திருப்தியாகுத மட்டும்."

வீட்டுக்காரி விருந்தாளியிடம் கையை நீட்டி அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஒரு பெண் ஓடிப்போய்ச் சோப்புக் கொண்டுவந்து கொடுத்தாள். ரசீதா கெண்டியைச் சாய்த்தாள். சோப்பைப் போட்டு, விரல் விரலாக, இடுக்கு இடுக்காக, நகத்துக்கு அடியில், மோதிரம் கிடந்த தடத்தில், பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அவள் கண்ணீர் படிக்கத்தில் சொட்டியது. மைமூனம்மாள் கையை ஆட்டாமல் அசைக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

கழுவி முடித்தபோது பக்கத்திலிருந்து இன்னொரு ஜோடிக் கை நீண்டது. மீரா பீவி எங்கேயோ பார்த்துக்கொண்டு, தானும் மிச்சப் பால்பழம் தின்ற கையை வெறும் தண்ணீரில்தான் நனைத்திருப்பதாக முணுமுணுத்தாள். ரசீதா அந்தக் கைக்கும் சோப்புப் போட்டாள்.

அதற்கப்புறம் மைமூனம்மாள் சோற்றில் கை வைத்தாள். கறியில் மெத்தென்ற துண்டாகப் பார்த்துப் பிய்த்து, சோற்றோடு சேர்த்து உருட்டி, கவளத்தை நீட்டினாள். ரசீதா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். மெதுவாக மென்றாள். பழக்க தோஷத்தில் உதட்டைக் கவனித்தாள், நாக்கைக் கவனித்தாள், தொண்டையைக் கவனித்தாள். ஒன்றும் செய்யவில்லை. மைமூனம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

"எப்படி மதினி இருக்கு?"

விருந்துச் சாப்பாட்டைப் பற்றி ஊர் கூடிக் குறை சொல்லும்போதெல்லாம் ரசீதா வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். தின்றவர்கள்தானே குறை சொல்ல முடியும். அடுத்த வீட்டுச் சோற்றைத் தைரியமாகத் தின்று, அது இப்படி இருக்கிறது அப்படி இருக்கிறது என்று நீட்டி முழக்குகிற பாக்கியம் அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வாய்க்கவேயில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உப்பு கொஞ்சம் குறைச்சலா இருக்கு, மதினி," என்றாள்.

மாடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மைமூனம்மாள் சிரிக்கவில்லை. அவள் ஒரு வாய் தின்று பார்த்து, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, எதிர்ப்பாயைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏட்டி மருமவளே, நம்ம அடுப்படியில போயி உப்பு எடுத்துட்டு வா. திறந்து கெடக்க ஜாடியத் தொடாத. மேல் தட்டுல புதுப் பாக்கெட் இருக்கு, உங்க உம்மாவுக்கு அதப் பிரிச்சுக் கொண்டா."

பர்ஹத் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். அவள் உப்போடு வருவதற்குள் ரசீதா இரண்டாவது கவளத்துக்கு வாயைத் திறந்துவிட்டாள்.